கல்யாணம் ஆகலைன்னே போடுங்க

அத்தியாயம் 17

மாப்பிள்ளை போன் பண்ணினால் சௌந்தரத்துக்கு வாயெல்லாம் பல். அன்றைக்குக் காலையில் அந்தச் சிரிப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அத்தை பக்கத்துல இருக்காகளா?" என்று கேட்டான் மாதவன். அருப்புக்கோட்டையில் காலை எட்டு மணி. வின்னிபெக்கில் முந்தின ராத்திரி ஒன்பதரை.

"இருக்காங்க. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், சொல்லுங்க" என்றாள் தீபலட்சுமி.

"நேத்து உன் ஸ்டூடன்ட் விசா பாரத்தை அனுப்புனியே, அதை இப்பத்தான் வரி வரியாப் படிச்சேன். கல்யாண நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு தீபா. அதுல 'ஆகவில்லை'ன்னு போட்டிருக்கு."

தீபா போனையே பார்த்தாள். சௌந்தரம் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கிறவர்கள் இந்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். ஐயாத்துரைக்கும் சௌந்தரத்துக்கும் பஜாரில் பாத்திரக்கடை. ஒரே மகள் தீபலட்சுமி, ரத்தப் பரிசோதனை லேபில் நாலு வருஷமாக வேலை. மாதவன் திருச்சுழிப் பையன், கனடாவில் நிரந்தரமாகத் தங்க உரிமை வாங்கியவன். நிச்சயம் முடிந்து மண்டபம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மாதவனின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வருஷம் திரும்பாமல் மஞ்சள் கயிறு ஏறக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மாதவனுக்கோ லீவு இருபதே நாள். பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இப்போதைக்கு மாலை மாற்றி, மோதிரம் போட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளட்டும், தாலி அடுத்த வருஷம் தையில். ஆக, கார்த்திகைக் கடைசியில் சட்டத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சாமிக்கு இன்னும் ஆகவில்லை.

"நானே ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிட்டுக்கிறேன்" என்றான் மாதவன். அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். "நான் படிக்கத்தான் வருவேன்" என்றாள் தீபா. செப்டம்பரில் வகுப்பு. சண்டை போட்டு, பேசாமல் இருந்து, திரும்பப் பேசி, ஸ்டூடன்ட் விசாவில் அவள் முதலில் போவது, ஸ்பான்சர் மனுவை அவன் அங்கிருந்து போட்டுக்கொள்வது என்று முடிவாகி, மதுரை ஏஜென்ட் மூலமாக வைகாசியில் விண்ணப்பமும் போயாச்சு. இது ஆடி. பெட்டி பச்சையா, நீலமா என்பதுதான் போன வாரம்வரை அந்த வீட்டில் இருந்த ஒரே பிரச்சினை.

"ஆகலைன்னு போட்டா என்ன மாப்ள?" என்றாள் சௌந்தரம். குரல் தானாக இறங்கியிருந்தது. "தாலி ஏறலைல்ல?"

"அத்தை, அந்த ஊரு ஆபீசருக்குத் தாலியும் தெரியாது, தையும் தெரியாது. சர்ட்டிபிகேட்தான் தெரியும். தீபா மனுவுல வைகாசியில கல்யாணம் ஆகலைன்னு இருக்கு. நான் போடப்போற ஸ்பான்சர் மனுவுல கார்த்திகையிலேயே ஆயிருச்சுன்னு இருக்கும். ரெண்டையும் பாக்கிறது ஒரே கவர்மெண்டு. தப்பான தகவல் குடுத்தாகன்னு முடிவு பண்ணுனா, அஞ்சு வருசத்துக்கு இவளை உள்ள விட மாட்டாக. படிக்கவும் முடியாது, பொண்டாட்டியா வரவும் முடியாது."

"அஞ்சு வருசமா?"

"அஞ்சு வருசம் அத்தை."

தீபாவுக்கு இருபத்தாறு வயசு. கணக்குப் போட யாருக்கும் பேப்பர் பேனா தேவைப்படவில்லை.

"அவுகளாக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாமளே முந்திக்கிட்டு உண்மையை எழுதிப் போடணும்" என்றான் மாதவன். "மன்னிப்பாகளான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மறைச்சா கட்டாயம் மாட்டுவோம். எப்படித் தப்பா எழுதுனாக, யார் எழுதுனாகன்னு விளக்கமாச் சொல்லணும். கூடவே சர்ட்டிபிகேட் ஒரிஜினலை ஸ்கேன் பண்ணிப் போடணும். அது திருச்சுழியில அம்மாகிட்ட இருக்கு."

"எல்லாம் அந்த ஏஜென்ட் பண்ணின வேலை" என்றாள் தீபா. கண் சிவந்துவிட்டது. "என்கிட்ட எல்லா விவரமும் வாங்கிட்டு, அவன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கான். நானும் பக்கம் பக்கமாக் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

சௌந்தரம் வாயைத் திறந்தாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் உள்ளே ஓடினாள்.

குழம்பு ஒரு சாக்கு என்பது உங்களுக்கே தெரியும். விஷயம் இதுதான். வைகாசியில் மதுரை பைபாஸ் ரோட்டு மாடியில், அந்த ஏஜென்ட் சங்கர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். மார்க்‌ஷீட்டு ஜெராக்ஸ் எடுக்க தீபா கீழே போயிருந்தாள். "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?" என்று கேட்டான். "நிச்சயம் ஆயிருக்கு" என்றாள் சௌந்தரம். "ரிஜிஸ்டர் ஏதும் பண்ணிருக்கீகளா?" என்று திரும்பவும் கேட்டான். கேட்கத்தான் செய்தான், பாவம். சௌந்தரம்தான் தலையை ஆட்டினாள். "அதெல்லாம் இல்ல தம்பி. கல்யாணம் ஆகலைன்னே போடுங்க."

அவள் சொன்னதை அவன் போட்டான்.

இப்போது ஹாலில் ஐயாத்துரை வந்தாச்சு. கடைக்குக் கிளம்பின மனுஷன், ஒரு காலில் செருப்போடு நின்றபடி சங்கருக்குப் போன் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏலே, உன்னை நம்பி என் பிள்ளை வாழ்க்கையை ஒப்படைச்சா, நீ இப்படியா பண்ணுவ? படிச்சவன்தானே நீ? உன் ஆபீசு வாசல்ல வந்து உக்காந்துருவேன், பார்த்துக்க!"

ஸ்பீக்கரில் சங்கர் பதமாகத்தான் பேசினான். "அண்ணாச்சி, கோவப்படாதீங்க. இப்ப எதையும் தொடாதீங்க. மனு நல்லாப் போயிட்டிருக்கு. கல்யாணம் ஆயிருச்சுன்னு இப்பப் போய்ச் சொன்னா, புருஷன்கிட்டப் போறதுக்குத்தான் படிப்புன்னு சந்தேகப்பட்டு ரிஜெக்ட் பண்ணிருவாங்க. கம்முனு இருங்க. விசா வரட்டும். மத்ததை அங்கிட்டுப் போய்ப் பார்த்துக்கலாம்."

யார் சொல்லி எழுதினேன் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. சௌந்தரம் அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தாள். அவன் போனை வைத்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"கம்முனு இருக்க முடியாதுப்பா" என்றாள் தீபா. "நான் திருச்சுழி போறேன். அத்தைகிட்ட ஒரிஜினல் வாங்கி, அங்கேயே ஸ்கேன் பண்ணி, லெட்டர் எழுதி இன்னிக்கே போட்டுர்றேன்."

"நானும் வாரேன்" என்றாள் சௌந்தரம்.

"நீ எதுக்கும்மா?"

"வாரேன்னா வாரேன். கிளம்பு."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு தீபாவுக்கு. ஆடிக்காத்து கரிசல் புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. கண்ணாடியை இழுத்தால் புழுக்கம், திறந்தால் புழுதி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உழுது போட்ட காடு, மழைக்காக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"நீ பேசாம ஸ்பான்சர்லயே போயிருக்கலாம்டி" என்றாள் சௌந்தரம். சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது இது.

"ஆரம்பிச்சிட்டியா? ஸ்டூடன்ட் விசாதான் சீக்கிரம், அதுலயே போன்னு அன்னிக்கு எனக்காக வாதாடுனவளே நீதானம்மா."

"ஆமா..."

"அவரு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போய் இறங்குறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா போனதும் யாரு நீன்னு கேட்டா, மாதவன் பொண்டாட்டிங்கிறதோட நிக்கணுமா? நாலு வருசம் லேப்ல நின்னிருக்கேம்மா. கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்துல ரத்தம் எடுப்பேன். அங்க அதுக்கு ஒரு படிப்பு இருக்கு, அதை முடிச்சா ஒரு வேலை இருக்கு. என் பேருல ஒரு தாள் வேணும்னு கேட்டேன். அது தப்பா?"

"தப்பு இல்ல."

"இப்பப் பாரு. ஒரு கிறுக்குப் பய எழுதுன ஒரு வார்த்தையில அந்தத் தாளும் போச்சு, அவரு தாளும் போச்சு." தீபா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். துப்பட்டாவால் கண்ணை ஒற்றினாள். கேட்டால் புழுதி என்பாள்.

சௌந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம். நாலு வார்த்தைதான். பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்றார். "திருச்சுழி ரெண்டு" என்றாள். அதோடு அந்தத் தைரியமும் முடிந்துபோனது.

ஒரு தாய் ஏன் இப்படிச் செய்தாள் என்று நீங்கள் அவளைக் கரித்துக்கொட்டுவதற்கு முன்னால், பாலவனத்தத்தில் இருக்கும் அவள் தங்கச்சி மாரிக்கனியைப் பற்றி ஒரு வார்த்தை. மாரிக்கனியைக் கட்டினவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். ஊர் மெச்சக் கல்யாணம். 'அடுத்த மாசம் கூப்பிட்டுக்கிறேன்' என்று போனவன், பதினோரு வருஷமாக அடுத்த மாசத்திலேயே இருக்கிறான். அவன் பெயரை எடுத்தால் இன்றைக்கும் மாரிக்கனி 'அவுகளுக்கு வேலை ஜாஸ்தி' என்பாள். நல்ல சேலை கட்டினால் ஊர் கேட்கிறது, கட்டாவிட்டாலும் கேட்கிறது.

அதனால்தான் ஏஜென்ட் கேட்ட அந்த ஒரு நொடியில் சௌந்தரத்தின் மனசு இப்படி ஓடியது. தாலி ஏறாத பிள்ளையைக் கல்யாணம் ஆனவள் என்று எழுதுவது அபசகுனம். அது பாதி. மீதிப் பாதியை அவள் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. நாளைக்கு இந்த மாப்பிள்ளையும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இழுத்தால்? ஏதோ ஒரு தாளிலாவது என் பிள்ளை யாருக்கும் கட்டுப்படாதவளாக இருக்கட்டும். ஒரு கதவு திறந்திருக்கட்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். திறந்து வைத்த கதவு இப்போது பிள்ளையின் முகத்திலேயே அடித்துச் சாத்தப் பார்க்கிறது.

மாதவனின் அம்மா கோகிலாம்பாளுக்குத் திருச்சுழியில் உரக்கடை. புருஷன் போன முப்பதாம் நாளே கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தவள். பருத்திக்கு என்ன மருந்து, எத்தனை மூடி என்று வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளுக்கு மனப்பாடமாகச் சொல்வாள். சம்பந்தியையும் மருமகளையும் கண்டதும் எழுந்து வந்தாள்.

"வாங்க மதினி. வா தாயி. மாதவன் எல்லாம் சொன்னான். உள்ள வாங்க, மருந்து வாடை."

கடைக்குப் பின்னால் வீடு. மோர் வந்தது. மோரைக் குடிக்க விடாமல் கோகிலாம்பாளே ஆரம்பித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன். பொண்டாட்டின்னு எழுதி, நேர் வழியில கூட்டிட்டுப் போடான்னு. படிப்பு கிடிப்புன்னு ரெண்டு வழியில கால வச்சா இப்படித்தான். சரி, வந்தது வந்துருச்சு. அந்த ஏஜென்ட் பயலை விடக்கூடாது மதினி. அவன் மேல கேசு போடணும்."

"ஆமா அத்தை, லெட்டர்ல அவன் பேரை எழுதத்தான் போறேன்" என்றாள் தீபா. மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். "ஏஜென்ட் எங்களைக் கேக்காமலே தப்பா நிரப்பிட்டாருன்னு..."

"அப்படி எழுதாத" என்றாள் சௌந்தரம்.

"ஏன்?"

"அவன் கேட்டான்." சௌந்தரம் மோர் டம்ளரைத் தரையில் வைத்தாள். "என்கிட்டத்தான் கேட்டான். நீ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டான், ரிஜிஸ்டர் பண்ணிருக்கீகளான்னும் கேட்டான். நான்தான் இல்லைன்னேன். ஆகலைன்னே போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

கடையில் யாரோ "ஆச்சி, யூரியா இருக்கா?" என்று கூப்பிட்டார்கள். கோகிலாம்பாள் திரும்பவே இல்லை.

"காலையில இருந்து நான் அவனைத் திட்டிட்டிருக்கேன்" என்றாள் தீபா மெதுவாக. "அப்பா அவன் வாசல்ல உக்காருவேன்னு கத்துறாரு. நீ அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்த."

"ஆமாடி."

"ஏம்மா?"

சொன்னாள். அபசகுனத்தைச் சொன்னாள். மாரிக்கனியைச் சொன்னாள். கதவைச் சொன்னாள். சொல்லும்போது சம்பந்தி முகத்தைப் பார்க்க முடியாமல், தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கோகிலாம்பாள் எழுந்துவிட்டாள். "என் மகன் உங்க பிள்ளையை அத்துவிட்டுட்டுப் போயிருவான்னு நினைச்சீக."

"மதினி..."

"அவன் அப்பன் பொணத்தை எடுத்த கையோட, பதினாறு கழிஞ்ச மறுநாளு உங்க பிள்ளை கழுத்துல மாலை போட்டான் மதினி. லீவு கிடைக்காது, இப்ப விட்டா பேப்பர் தாமசமாயிரும், அந்தப் பிள்ளை காத்துக் கிடக்கும்னு. அழுத கண்ணைக் கழுவிட்டு வந்து போட்டான். அவனையா?"

சௌந்தரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் தங்கச்சி கழுத்துல தாலி போட்டவனும் நல்லவனாத்தான் தெரிஞ்சான் மதினி. நான் மாப்பிள்ளையைச் சந்தேகப்படலை. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். தப்பு. காலுல விழச் சொன்னா விழுறேன்."

கோகிலாம்பாள் அடுத்த அறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. தீபா அம்மாவைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த கோகிலாம்பாளின் கையில் மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தாள். உள்ளே ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ். அதன் ஓரத்தில், எழுத்து இல்லாத இடமாகப் பார்த்து, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

சௌந்தரம் அதைப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"வருசம் திரும்பட்டும்னு சொன்னது நான்தான்" என்றாள் கோகிலாம்பாள். குரல் தணிந்திருந்தது. "வழக்கத்தை மீறினா, அவுகளை மறந்துட்டாகன்னு ஊரு பேசும்னு சொன்னேன். ஆனா இந்தத் தாளு கைக்கு வந்த அன்னிக்கு மனசு கேக்கலை. என் மருமக வீட்டுக்கு வந்துட்டான்னுதான் தோணுச்சு. அதான் பொட்டு வச்சு, சாமி படத்துக்கு முன்னால வச்சு எடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டுறேன். நீங்க இதைப் பேப்பருங்கிறீக."

சௌந்தரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கம் பேசின வீட்டில் காகிதத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். காகிதம் வேண்டுமென்று அவசரப்பட்ட தன் வீட்டில் அதைக் காகிதமாகக்கூட மதிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோகிலாம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொடவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

"பயப்படாத பொம்பளை யாரு" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "சரி, அழுது என்ன ஆகப்போகுது. எழுதுங்க. நீங்க சொன்னதா நீங்களே எழுதுங்க. அந்தப் பயலை விட்ருங்க."

தீபா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அம்மாவின் முன் வைத்தாள். வைத்த கை கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுத வாகாக அடியில் ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

சௌந்தரம் எட்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள்.

'ஐயா, தீபலட்சுமியின் தாயார் சௌந்தரம் எழுதிக்கொள்வது. என் மகளுக்கும் மாதவனுக்கும் சென்ற கார்த்திகையில் மாலை மாற்றிப் பதிவு செய்து கல்யாணம் நடந்தது உண்மை. சம்பந்தி இறந்த துக்கத்தினால் தாலி கட்டவில்லை. எங்கள் பக்கம் தாலி கட்டினால்தான் கல்யாணம் என்போம். அதனால் நான் ஏஜென்டிடம் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னேன். பதிவு நடக்கவில்லை என்றும் சொன்னேன். அது பொய். என் மகள் அப்போது அங்கே இல்லை. அவளுக்குத் தெரியாது. தப்பு என்னுடையது. தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள், அவளுக்கு வேண்டாம்.'

தீபா அதை இங்கிலீஷில் டைப் அடித்தாள். கடைசி வரியில் அவள் கை நின்றது. "இதெல்லாம் எழுதக்கூடாதும்மா" என்றாள். ஆனால் அடித்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் சான்றிதழை, குங்குமப் பொட்டோடு, ஸ்கேன் எடுத்து வந்தாள். மாதவன் அனுப்பியிருந்த இணைய பாரத்தில் மனு எண்ணைப் போட்டு, கடிதத்தை ஏற்றி, சான்றிதழை ஏற்றினாள். மணி நாலு. இனி 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் போன் அடித்தது. ஏஜென்ட் சங்கர்.

"தங்கச்சி! வந்துருச்சு! பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்துருச்சு! விசா ஓகே! நான் சொன்னேன்ல, கம்முனு இருங்கன்னு? அந்தப் பழைய கதையை எல்லாம் மறந்துருங்க. டிக்கெட் போடுங்க!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூன்று பேரும் கேட்டார்கள். தீபா நன்றி சொன்னாளா, இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. போனைத் துண்டித்துவிட்டு, மெயிலைத் திறந்தாள். சங்கர் சொன்னது நிஜம்தான். அவள் பெயர், அவள் பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட்டை அனுப்பவும் என்ற வரி.

அவள் கேட்ட தாள். அவள் பேரில்.

"அனுப்பாம விட்டா" என்றாள் தீபா. "அடுத்த மாசம் நான் அங்க இருப்பேன். அவரு கூட இருப்பேன். வகுப்புக்குப் போவேன். அனுப்புனா, குடுத்ததைப் பிடுங்கிக்கிடலாம். அஞ்சு வருசம்னாலும் சொல்லலாம்."

"என்னைக் கேக்காத தாயி" என்றாள் கோகிலாம்பாள். கையிலிருந்த சான்றிதழை மஞ்சள் துணியில் வைத்து, முடிச்சுப் போடாமலே பிடித்திருந்தாள். "நான் சுயநலக்காரி. என் மகன்கிட்டப் போன்னுதான் சொல்லுவேன்."

தீபா அம்மாவைப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இதுவரைக்கும் பார்க்காத பார்வையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

ஆத்தீ, சௌந்தரத்துக்கு வந்த ஆசை கொஞ்சநஞ்சமா! கம்மென்று இருந்தால் போதும். யாருக்குத் தெரியும்? கதவு திறந்தேதான் இருக்கிறது. பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு மதுரை ஏர்போர்ட்டில் கையாட்டுவது கண்ணுக்குள் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அடுத்த வருஷம் மாதவன் ஸ்பான்சர் மனுவைப் போட வேண்டும், போட்டால் மாட்டுவார்கள். போடாவிட்டால், புருஷன் வீட்டிலேயே கல்யாணம் ஆகாதவளாகத் தன் மகள் இருக்க வேண்டும். கதவு தட்டுகிற ஒவ்வொரு தடவையும் பயப்பட வேண்டும். மாரிக்கனியாவது ஊருக்குத்தான் பயப்பட்டாள்.

"அனுப்புடி" என்றாள்.

"அம்மா..."

"நான் சொன்ன பொய்யில நீ குடித்தனம் பண்ண வேண்டாம். அனுப்பு."

தீபா அழுத்தினாள். திரை ஒரு தடவை வெளுத்து, 'பெறப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். தீபா லேப்டாப்பை மூடிவிட்டு, அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். தோளைத் தேடினாள், இன்றைக்கு அது போதும்.

கோகிலாம்பாள் மஞ்சள் துணியை முடிந்து, சௌந்தரத்தின் மடியில் வைத்தாள். "இனிமே கொஞ்ச நாளு உங்க வீட்டுல இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மறந்துறாதீக."

வாசலுக்கு வரும்போது சௌந்தரத்தின் போன் கிணுகிணுத்தது. ஐயாத்துரை. பின்னால் பஜார் இரைச்சல், பத்துப் பேர் பேசுகிற சத்தம்.

"சௌந்தரம்! சங்கர் போன் பண்ணிட்டான்! விசா வந்துருச்சுல்ல! கடைக்கு வந்தவன் போனவன் எல்லாத்துக்கும் கருப்பட்டி மிட்டாய் குடுத்துக்கிட்டிருக்கேன். காலையில திட்டுனதுக்கு அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். அந்தக் கூறுகெட்ட பய என்ன சொல்றான் தெரியுமா? 'உங்க வீட்டம்மா புத்திசாலி அண்ணாச்சி, ஆகலைன்னு போடச் சொன்னதே அவுகதான், அதுனாலதான் இம்புட்டுச் சீக்கிரம் வந்துச்சு'ங்கிறான்! எனக்கு ஒண்ணும் புரியலை." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பொய்தான சொல்றான்? ஏய் சௌந்தரம்? இருக்கியா?"

காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருவில் போனது. சௌந்தரம் மஞ்சள் முடிச்சை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கேங்க" என்றாள். "அவன் சொல்றது நெசம். அதை என் கையாலயே எழுதி, கையெழுத்துப் போட்டு, இப்பத்தான் கனடாவுக்கு அனுப்பிட்டு நிக்கிறேன். உங்ககிட்டச் சொல்லத்தான் இன்னும் பஸ்ஸு வரலை."

கடையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கிறவரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.